புதுப்பிப்பு: சென்ட்ரலிலிருந்து விமான நிலையம், மெட்ரோ நின்றால் எப்படி?

மெட்ரோ தடைபட்டால் சென்ட்ரலிலிருந்து விமான நிலையத்துக்கு மாற்று வழி என்ன என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பயந்தபடியே ஆனது. காட்பாடியில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவுக்குக் கீழே போனால் சிக்னல் கோளாறு, வண்டிகள் தாமதம் என்று அறிவிப்பு. எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல ஆளில்லை. சரி, இங்கே பதிலில் ராணிப்பேட்டை அண்ணன் சொன்ன வழிதான் என்று கிளம்பிவிட்டோம்: சாலைக்கு அந்தப் பக்கம் பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து தாம்பரம் மின்சார ரயில், திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். விமானம் ஏற வேண்டிய மச்சான் நேரத்துக்குள் உள்ளே போய்விட்டார். பதில்களில் வந்த டாக்ஸி யோசனையும் நல்லதுதான், ஆனால் அந்த நேரத்து அண்ணாசாலையை நம்ப முடியவில்லை.

எதிர்பாராதது படிக்கட்டுதான். பெரிய பெட்டியோடு சுரங்கப்பாதையில் இறங்கி ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. ஆற்காடு மக்கன் பேடா டப்பாவிலிருந்து பாகு வேறு கசிந்து சட்டையெல்லாம் பிசுபிசு.

அப்புறம், பக்கத்திலேயே பார்க் டவுன் என்று இன்னொரு நிலையம் உண்டு. அது வேளச்சேரி பறக்கும் ரயிலுக்கு, அங்கே போய்விடாதீர்கள். காட்பாடி டிக்கெட் சென்ட்ரல் வரை எடுத்திருந்தால் திரிசூலத்துக்குத் தனி டிக்கெட் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில்கள் குறைவு, பராமரிப்புப் பணி இருந்தால் இன்னும் குறையும். முதல் நாளே அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.