மூத்தவள் கைக்குழந்தையைக் கடித்துவிட்டாள், உடனே சொல்லுங்கள்

கோண்டாவில் பிள்ளை:
வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொஞ்சக் காலம்தான். தம்பி பிறந்ததிலிருந்து மூத்தவள் பழையபடி படுக்கையை நனைக்கிறாள், பால் போத்தல் கேட்கிறாள். இன்றைக்கு நான் பால் கொடுத்துக்கொண்டிருக்க, ஓடி வந்து அவனுடைய கையைக் கடித்துவிட்டாள். இவருக்கு இரவு வேலை. என்ன செய்ய?

ஹம் அண்ணை:
தங்கச்சி, ஹெபாமையை, அதுதான் இங்கே ஜெர்மனியில் மருத்துவிச்சியை, கூப்பிடுங்கள். பிள்ளை பிறந்து 12 கிழமை வரை வீட்டுக்கே வருவார், காசு காப்புறுதி கட்டும். நாங்கள் வந்த காலத்தில் இதை யார் சொன்னது? அகதி முகாமில் ஒரே அறை, பொது அடுப்பு. குழந்தை அழுதால் பக்கத்து அறைக்காரன் சுவரில் இடிப்பான்.

வண்ணை அம்மா:
ஒரு அதட்டுப் போட்டால் அடங்கும். என் ஐந்தும் அப்படித்தான் வளர்ந்ததுகள். அது கிடக்கட்டும், பிள்ளை பெற்ற உடம்புக்குச் சரக்குக் கறி சாப்பிடுகிறீரா? 31 நாள் கழியும் வரை குளிர் தண்ணீரில் கை வைக்க வேண்டாம்.

பனிக்குள் பெடியன்:
அதட்டவே கூடாது அம்மா. அதட்டினால் இன்னும் கூடும்.

வண்ணை அம்மா:
அதுதான் இங்கத்தைப் பிள்ளைகள் இப்படி.

இணுவில் தங்கை:
எனக்குக் கரைச்சல் தந்தது பிள்ளை பார்க்க வந்த சனம்தான். தேத்தண்ணியும் நானே போட வேண்டும். எல்லாரும் சின்னதைத் தூக்கி ‘ஆரை உரிச்சு வைச்சிருக்கு’ என்று ஆராய்வார்கள். மூத்தவனிடம் ‘இனி அம்மா உனக்கில்லை’ என்று பகிடி வேறு.

நல்லூர் அக்கா:
எந்த நாடு, மூத்தவளுக்கு என்ன வயது, ஊரில் யாரோடு இருந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லையே? தோல் கிழிந்ததா, அதைச் சொல்லும் முதலில்.

கோண்டாவில் பிள்ளை:
கிழியவில்லை அக்கா, சிவந்திருக்கிறது. கனடா, டொரொண்டோவில் ஸ்காபரோ. மூன்றரை வயது. ஊரில் அம்மம்மாவோடுதான் படுப்பாள்.

நல்லூர் அக்கா:
அப்போ விளங்குகிறது. அம்மம்மாவும் முற்றமும் போய், இப்போது உங்கள் மடியும் போய்விட்டது. படுக்கை நனைப்பதற்கும் போத்தல் கேட்பதற்கும் ஏச வேண்டாம், தானாக நிற்கும். கடிக்க வந்தால் கையைப் பிடித்து ‘நோகும், விடமாட்டேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டையும் தனியே விட்டுவிட்டுக் குசினிக்குள் போகவே கூடாது. பால் கொடுக்கிற நேரம்தான் அவளுக்குத் தாங்காது. அதற்கு முன்பே பக்கத்தில் இருத்தி, அந்த நேரத்துக்கு மட்டும் எடுக்கிற ஒரு விளையாட்டுப் பெட்டியைக் கொடுங்கள். ‘தம்பி படுக்கிறான், சத்தம் போடாதே’ என்று எல்லாப் பழியையும் அவன் தலையில் போடாதீர்கள். இவர் எழும்பியதும் சின்னவனை அவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு கால் மணித்தியாலம் அவளோடு மட்டும் இருங்கள்.

அம்மம்மாவை வீடியோவில் கதை சொல்லச் சொல்லலாம். இங்கே இரவு 8 மணி என்றால் அங்கே விடிய ஐந்தரை, பனிக்காலத்தில் ஆறரை. எப்படியும் எழும்பியிருப்பார்.

பகலில் ஏர்லி ஆன் நிலையத்துக்குப் போங்கள், தாய் தகப்பனோடு சின்னப் பிள்ளைகள் போய் விளையாடுகிற இடம். ஆறு வயது வரைக்கும் இலவசம், கைக்குழந்தையையும் கொண்டு போகலாம். நான்கு வயது நிறைகிற ஆண்டு செப்டம்பரில் பள்ளிக்கூடத்தில் ஜூனியர் கிண்டர்கார்டன் வகுப்பு, இப்போதே பதியுங்கள். உடம்புக்கு ஏதும் சந்தேகம் என்றால் 811 அடித்தால் இரவிலும் தாதி கதைப்பார். உங்களுக்கே அழுகை இரண்டு கிழமைக்கு மேல் நிற்காவிட்டால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கோண்டாவில் பிள்ளை:
நன்றி அக்கா. எங்களிடம் கார் இல்லை. தள்ளுவண்டிலோடு பஸ்ஸில் ஏறலாமா?

பனிக்குள் பெடியன்:
ஏறலாம் அக்கா. டிடிசியில், அதுதான் டொரொண்டோ பஸ் சேவையில், 12 வயது வரை பிள்ளைகளுக்குக் காசில்லை. காலைச் சன நெரிசல் முடிந்த பிறகு வெளிக்கிடுங்கள்.