ரோமியோ வெறும் அவசரக்குடுக்கைதானா?

கேள்வி – மழைக்காகிதம்
ஷேக்ஸ்பியரோட ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்துல ரோமியோவோட குணம் பத்தி கட்டுரை எழுதணும். நோட்ஸ் எதை எடுத்தாலும் அவசரக்காரன், உணர்ச்சிவசப்படுறவன், விதியால கெட்டவன்னு இதையே மாத்தி மாத்திப் போட்டிருக்காங்க. எனக்கு அவன் மேல கோவம்தான் வருது, காலைல ரோசலினுக்காக உருகிட்டு இருந்தவன் அன்னிக்கு ராத்திரியே ஜூலியட்டப் பாத்து விழுந்து மறுநாள் கல்யாணமும் பண்ணிக்கிறான், இத லவ்வுன்னு எப்படி எழுதுறது?

திண்ணைவாசி
அவசரக்காரன்தான், கல்யாணம் பண்ணி வெக்கிற பாதிரியார் லாரன்ஸே அதுக்குத் திட்டுறாரு. ஆனா மூணாவது அங்கம் முதல் காட்சிய மறுபடி படிங்க. டிபால்ட் கேவலமா பேசி வம்புக்கு இழுக்குறான், ரோமியோ வாளத் தொடவே மாட்டேங்குறான், ஏன்னா கல்யாணம் இப்பதான் முடிஞ்சுருக்கு, டிபால்ட் ஜூலியட்டோட மாமா பையன், ஆனா ரெண்டு குடும்பத்துக்கும் பகைங்கறதால கல்யாணத்த வெளிய சொல்லவும் முடியாது. இவன் பணிஞ்சு போறதப் பாத்து கடுப்பாகி அவன் ஃப்ரெண்டு மெர்குஷியோ வாள உருவுறான், ரோமியோ தடுக்கப் போய் நடுவுல பூந்ததும் அவன் கைக்கு அடியில டிபால்ட்டோட வாள் பாஞ்சு மெர்குஷியோ காலி. பய உருப்படியா பொறுமை காட்டுன இடமே இதுதான், அங்கயே ஃப்ரெண்டு போயிட்டான். அப்புறம்தான் டிபால்ட்டக் கொல்றான். அவசரத்தால அழிஞ்சான்னு ஒத்த வரில முடிச்சீங்கன்னா இந்த சீன எங்க வைப்பீங்க?

நிலாப்புழு
ரோசலின் மேட்டர்ல அவன் பேச்சையே கவனிங்க. குளிர்ந்த நெருப்பு, ஈய இறகுன்னு முரணா அடுக்கிட்டே போவான், அந்தப் பொண்ணு நாடகத்துல ஒரு வசனம்கூட பேசல, இவனா தனியா புலம்புறான். ஜூலியட்டோட முதல் பேச்சு அப்படியில்ல, ரெண்டு பேரும் மாறி மாறிப் பேசறது சேர்ந்து சானட்டுங்கற 14 வரிக் கவிதையாவே வந்து நிக்குது. எதிர்ல பதில் சொல்ல ஆள் வந்ததும் பையன் மாறிட்டான். அதனால ரோசலின வெச்சு அவன பொம்பளைப் பொறுக்கி ரேஞ்சுக்கு எழுதிடாதீங்க ப்ளீஸ்.

கடைசிபெஞ்ச்
ரொம்பத்தான் சப்போர்ட் பண்றீங்க 😄 டிபால்ட்டக் கொன்னதுக்கு நாடு கடத்திட்டாங்கன்னு தெரிஞ்சதும் பாதிரியார் ரூம்ல தரையில புரண்டு அழுது கத்தியால குத்திக்கப் போனவன்தானே. கல்லறையில இன்னும் மோசம், ஜூலியட் மருந்து குடிச்சு மயங்கித்தான் கிடக்கா, இவன் செத்துட்டான்னு நெனைக்கிறான், அவ உதட்டுலயும் கன்னத்துலயும் இன்னும் செவப்பு இருக்குன்னு அவனே வாயால சொல்றான், சொல்லிட்டு விஷத்தையும் குடிக்கிறான்! கண்ணுக்கு எதிர்ல இருக்கு, யோசிக்க மாட்டேங்குறான். அதேசமயம் ஜூலியட்டுக்கு அவ அப்பா பாத்து வெச்ச மாப்பிள்ளை பாரிஸ், ரோமியோ சண்டையில கொன்னவன், அவன் கடைசியா கேட்டான்னு அவன ஜூலியட் பக்கத்துல கொண்டுபோய் படுக்க வைக்கிறான். இந்த ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கறதத்தான் எழுதணும்னு தோணுது.

திண்ணைவாசி
இன்னொண்ணு விட்டுட்டேன். அவசரம் அவனுக்கு மட்டும் இல்ல. ஜூலியட் அப்பா கப்யூலெட் பாரிஸோட கல்யாணத்த வியாழக்கிழமைன்னு வெச்சுட்டு புதன்கிழமைக்கு இழுத்துடுறாரு. ஷேக்ஸ்பியருக்கு மூலமா இருந்த ஆர்தர் புரூக்கோட 1562 கவிதையில இதே கதை மாசக்கணக்குல நடக்கும், இவர்தான் நாலஞ்சு நாளுக்குள்ள அமுக்கிட்டாரு. அதே கப்யூலெட் விருந்துல ரோமியோவ வெரோனா ஊரே நல்ல பையன்னு மெச்சுதுன்னும் சொல்றாரு, எதிரி வீட்டு வாயிலேர்ந்தே வர்ற சர்டிஃபிகேட், கட்டாயம் சேத்துக்கங்க.

மழைக்காகிதம்
சூப்பர், டிபால்ட் சீனையும் கல்லறையையும் எதிரெதிரா வெச்சு எழுதிடுறேன். ரோமியோவுக்கு வயசு என்னன்னு எங்க இருக்கு? தேடி அலுத்துட்டேன்.

நிலாப்புழு
எங்கயும் இல்ல. ஜூலியட்டுக்குத்தான் 14 இன்னும் முடியலன்னு இருக்கு. ரோமியோவுக்கு 16, 17ன்னு நோட்ஸ்ல போட்டிருந்தா அது அவங்களா போட்ட கணக்கு, எழுதாதீங்க.