கொய்னா–வார்ணா மொமென்ட் டென்சர் பட்டியல்: டிப் ஏன் நிலையா வரமாட்டேங்குது?

அதிர்வன்_கேள்வி:
மகாராஷ்டிராவோட கொய்னா–வார்ணா அணைப் பகுதியில அளவு (மேக்னிட்யூட்) 3.5-க்கு மேல உள்ள நடுக்கங்களுக்கு மொமென்ட் டென்சர் (பிளவு எந்தத் திசையில, எவ்வளவு வலுவா நகர்ந்ததுன்னு சொல்ற எண் தொகுப்பு) பட்டியல் போடுற வேலை. 40–300 கிமீ தூர பிராட்பேண்ட் (மெதுவான அலை, வேகமான அலை ரெண்டையும் பதியுற) நிலையங்கள், 0.03–0.08 ஹெர்ட்ஸ் பேண்ட்பாஸ் (அந்த அதிர்வெண்களை மட்டும் விடுற ஃபில்டர்), ஆழத்தை 1 கிமீ இடைவெளியில தேடுறது. அலைவடிவம் நல்லாவே பொருந்துது. ஆனா வார்ணா பக்கம் ஒரு நிலையத்தை எடுத்துட்டு ஓட்டினா டிப் (பிளவுத் தளத்தோட சாய்வு) 45 டிகிரியிலிருந்து 70-க்குத் தாவுது. ஆகஸ்ட், செப்டம்பர் நடுக்கங்கள் பாதி தேறல. அளவு 3-க்குக் கீழ உள்ளதை எப்படிச் சேர்க்கிறது?

பாறைத்தளம்:
டிப் தாவுறது நிரல் பிழை இல்லீங்க, இயற்பியல். அங்க நடுக்கங்கள் பெரும்பாலும் 10 கிமீ-க்குள்ள. நிலத்தோட மேற்பரப்புல செங்குத்து வெட்டுத்தகைவு பூச்சியம். அதனால செங்குத்தும் கிடையும் சேர்ந்த ரெண்டு டென்சர் உறுப்புகள் ஆழம் குறைஞ்ச மூலத்திலிருந்து நீள அலைகளை ரொம்பக் கொஞ்சமாத்தான் கிளப்பும். 20 விநாடி அலையோட நீளம் 60 கிமீ-க்கு மேல. அதுக்கு முன்னாடி 5 கிமீ ஆழம் மேற்பரப்புதான். அந்த ரெண்டு உறுப்பையும் எப்படி மாத்தினாலும் பொருத்தம் அசையாது, டிப்பும் மொமென்ட்டும் (நடுக்கத்தோட மொத்த வலு) சேர்ந்து நகரும். நல்ல பொருத்தத்தை நம்பி ஏமாறுற இடம் இதுதான்.

பக்கத்து நிலையங்களோட பி அலையோட (முதல்ல வந்து சேர்ற அலை) முதல் அசைவை, மேலயா கீழயான்னு, கட்டுப்பாடா சேருங்க. ஒவ்வொரு நிலையமா விட்டுவிட்டு ஓட்டி, டிப் எவ்வளவு சிதறுதுன்னு பட்டியல்ல தனி நெடுவரிசையா போடுங்க.

டெசிபல்:
மழைக்காலச் சிக்கல் அரபிக்கடல். தென்மேற்குப் பருவக்காற்றுல அலை இரைச்சல் ஏறும்; உங்க 0.05–0.08 பகுதி அதுலயே மாட்டுது. அணை நிரம்புற பருவமும் நடுக்கம் கூடுற பருவமும் அதே சமயம்ங்கிறதுதான் கொடுமை. எல்லாத்துக்கும் ஒரே பேண்ட் வைக்காதீங்க. பி வர்றதுக்கு முந்தின 120 விநாடியை அதே ஃபில்டர்ல போட்டு, சிக்னல் இரைச்சலைப் போல 3 மடங்குகூட இல்லாத தடத்தை (அந்த நிலையப் பதிவை) தூக்கிடுங்க. அளவு 4-க்குக் கீழன்னா 120 கிமீ-க்குள்ள உள்ள நிலையங்களோட 0.05–0.10 முயற்சி பண்ணுங்க.

நேர நகர்த்தலை (கணக்கிட்ட அலையைப் பதிவோட பொருத்தத் தள்ளுறதை) ஆகக் குறுகிய அலைக்காலத்துல கால் பங்குக்கு மேல அனுமதிக்காதீங்க. 10 விநாடின்னா 2.5. அரை அலைக்காலம் நகர்ந்தா தடம் தலைகீழாப் பொருந்தி, நார்மல் பிளவு (மேல்பக்கப் பாறை கீழ இறங்குறது) ரிவர்ஸா (மேல ஏறுறதா) வரும். நகர்த்தல் தூரத்தோட சீரா கூடினா தப்பு வேக மாதிரியில. ஒரே ஒரு நிலையம் மட்டும் முறைச்சா அதோட ஜிபிஎஸ் நேரத்தையும் துருவப் புரட்டலையும் (மேல் அசைவு கீழ்னு பதிவாகுறது) பாருங்க. தூரத்துப் பெரிய நடுக்கம் ஒண்ணோட பி அலையைப் பக்கத்து நிலையங்களோட ஒப்பிட்டா புரட்டல் உடனே தெரிஞ்சிடும்.

குறுணி:
சின்னதுக்கு அலைவடிவம் வேண்டாம், ஹாஷ் (முதல் அசைவுகளை வச்சுப் பிளவோட திசையைக் கணக்கிடுற) நிரல் போதும். குறைஞ்சது 8 முதல் அசைவு, நிலையங்களுக்கு நடுவுல திசை இடைவெளி 90 டிகிரிக்குள்ள, எஸ் அலைக்கும் (பி-க்கு அடுத்து வர்ற அலை) பி அலைக்கும் உள்ள வீச்சு விகிதமும் சேர்த்து. ஆழப் பிழைதான் இங்க விஷம்: 10 கிமீ தள்ளி இருக்கிற நிலையத்துக்கு, ஆழம் 5 கிமீன்னா கதிர் செங்குத்திலிருந்து 63 டிகிரி சாய்வுல கிளம்பும், 7 கிமீன்னா 55. அதனால ஆழத்தையும் வேக மாதிரியையும் மாத்தி மாத்தி ஓட்டி, விடை எவ்வளவு சிதறுதுன்னு பார்த்துத் தரம் குடுங்க. ஏ, பி (A, B) தரம் மட்டும் பட்டியலுக்கு. ரெண்டு முறையில வந்ததையும் ஒரே நெடுவரிசையில கலக்காதீங்க.

அதிர்வன்_கேள்வி:
நன்றி. இன்னொண்ணு: ஜிசிஎம்டி-யோட (உலக மொமென்ட் டென்சர் பட்டியல்) ஒப்பிட்டா ஸ்டிரைக்-ஸ்லிப் (பிளவு பக்கவாட்டுல நகர்றது) எல்லாம் எதிர்ப்பக்கமா வருது.

பாறைத்தளம்:
அச்சுக் குழப்பம். அவங்களுது மேல்–தெற்கு–கிழக்கு, உங்க நிரல் வடக்கு–கிழக்கு–கீழ். மாத்தும்போது கிழக்கு அச்சு சேர்ந்த ரெண்டு குறுக்கு உறுப்புக்குக் குறி மாறணும். விட்டுட்டா கண்ணாடியில பார்த்த மாதிரி ஆகி, வடவடகிழக்கு இடப்பக்கப் பெயர்ச்சி வடவடமேற்கு வலப்பக்கமாயிடும். 1967 டிசம்பர் 10 கொய்னா நடுக்கம் வடவடகிழக்குல இடப்பக்கப் பெயர்ச்சி. அந்தப் பிளவோட நடுக்கங்கள்ல உங்க விடை அதுக்கு எதிரா வந்தா முதல்ல குறியைப் பாருங்க. அலகையும் பாருங்க: டைன்-சென்டிமீட்டரை நியூட்டன்-மீட்டர்னு படிச்சா அளவு 4.67 கூடிடும். அது பரவாயில்ல, கண்ணுல படும். குறி படாது.