காளான் சாறு கேப்ஸ்யூல் சர்க்கரை மாத்திரைக்கு மாற்றாகுமா?

அம்பத்தூர் வாசகி:
அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை நோய் உண்டு. கிளிமிபிரைடும் அகார்போஸும் சாப்பிடுகிறார். அண்ணா நகர் கடை ஒன்றில் சிப்பிக் காளான் சாறு அடைத்த கேப்ஸ்யூல் வாங்கி வந்திருக்கிறார். 'சர்க்கரையை உண்டாக்கும் நொதியையே அடக்கும், அகார்போஸைவிட வீரியமானது' என்று அட்டையில் இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிண்டி ஆய்வுக்கூடம்:
மாத்திரையை நிறுத்தவே கூடாது, சகோதரி.

இப்படிப்பட்ட சாறுகளை ஆய்வுக்கூடத்தில் சோதிப்பதுதான் என் வேலை. உலர்ந்த காளானைப் பொடித்து மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, மெத்தனாலை ஆவியாக்கினால் பழுப்பாக, பிசுபிசுவென்று ஒன்று தங்கும். அதுதான் சாறு. ஆக்சிஜனேற்ற எதிர்ப்பை, அதாவது செல்களைக் கெடுக்கும் மூலக்கூறுகளை முறிக்கும் திறனை அறிய, டிபிபிஎச் என்ற ஊதாக் கரைசலில் அதைச் சேர்ப்போம். ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்று 517 நானோமீட்டரில் அளப்போம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் டிபிபிஎச் என்ற பொருள் மனித உடம்பில் எங்குமே இல்லை.

நொதிச் சோதனையில் இன்னும் பெரிய சிக்கல். மாவுச்சத்தின் கடைசித் துண்டுகளைச் சிறுகுடலில் குளுக்கோஸாக உடைப்பது ஆல்ஃபா குளுக்கோசிடேஸ். ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் வாங்குவதோ ஈஸ்ட்டிலிருந்து எடுத்த நொதி. இரண்டுக்கும் குணம் வேறு. அகார்போஸ் குடல் நொதியை நன்றாகக் கட்டிப்போடும். ஈஸ்ட் நொதியிடம் அதன் பாச்சா பலிக்காது. ஆகவே ஈஸ்ட் நொதியை வைத்துப் பார்த்தால் எந்தச் சாறும் அகார்போஸை எளிதாக முந்திவிடும். அந்த எண்ணைக் கொண்டுபோய் நோயாளி வாங்கும் அட்டையில் அச்சிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

தாம்பரம் காளான் பண்ணை:
ஐயா சொல்வது சரி. அதற்காகக் காளானையே ஒதுக்கிவிடாதீர்கள். எர்கோதியோனின் என்ற ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள் காளானில்தான் நிறைய உண்டு. 1909-இல் பிரான்சில் கண்டறிந்த பொருள் அது. அதை உள்ளே இழுத்துக்கொள்ளவே நம் உடம்பில் ஒரு கடத்திப் புரதம் இருப்பது 2005-இல் தெரியவந்தது. சமையல் சூட்டுக்கு அவ்வளவாகக் கெடாது, ஆனால் தண்ணீரில் கரையும். வேகவைத்த நீரைக் கொட்டாமல் மிளகு தட்டிப் போட்டு சூப்பாக்கிக் கொடுங்கள். சிப்பிக் காளானே போதும். கோடையில் பால் காளான் வாங்குங்கள். நம் ஊர் வெக்கைக்கு ஏற்றது அதுதான்.

அம்பத்தூர் வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். மாத்திரையைத் தொடரச் சம்மதித்துவிட்டார். கேப்ஸ்யூலையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாமா என்கிறார்.

கிண்டி ஆய்வுக்கூடம்:
மருத்துவரிடம் அட்டையைக் காட்டாமல் வேண்டாம். கிளிமிபிரைடால் சர்க்கரை திடீரென இறங்கக்கூடும். இன்னொன்று: அகார்போஸ் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தால் சீனியோ கற்கண்டோ உடனே பலன் தராது. சீனியை உடைக்கும் நொதியையும் அந்த மாத்திரை தடுத்துவைத்திருக்கும். குளுக்கோஸ் பொடி டப்பா ஒன்று வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.