குளம்பு அழுகல்: 9 நாளாகியும் வீக்கம் வடியவில்லை, அடுத்து என்ன?

கலப்பின ஜெர்சி மாடு, மூன்றாம் ஈத்து, சுமார் 350 கிலோ. வலது பின்னங்காலை ஊன்றாமல் 9 நாளாக நொண்டுகிறது.

முதல் நாள் குளம்பிடையில் தோல் வெடித்துச் சாம்பல் நிறச் சவ்வு படிந்திருந்தது. கிட்டே போனாலே அழுகல் நாற்றம், காய்ச்சல் 104. வாயிலும் மடியிலும் கொப்புளம் இல்லை, மற்ற மாடுகளும் நன்றாக இருக்கின்றன, கோமாரி இல்லை.

காலைத் தூக்கிக் கட்டிப் பார்த்ததில் கல், முள், ஆணி எதுவும் சிக்கவில்லை. மருத்துவர் செத்த தோலை நீக்கி, நீடித்துச் செயல்படும் ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசி (மில்லிக்கு 200 மி.கி.) 35 மில்லியை நான்கு இடங்களில் பிரித்துப் போட்டார். 72 மணி நேரம் கழித்து மறுபடியும் அதே அளவு. வலி, வீக்கத்துக்கு மெலாக்சிகாம் 3 நாள். தினமும் 10 லிட்டர் தண்ணீரில் அரைக் கிலோ மயில்துத்தம் கரைத்துக் காலை நனைத்து, காய்ந்த தரையில் கட்டுகிறோம். பாலைக் கறந்து கொட்டிவிடுகிறோம்.

காய்ச்சலும் நாற்றமும் போய்விட்டன. ஆனால் முன்பு இருபக்கமும் சமமாக இருந்த வீக்கம், இப்போது வெளிக்குளம்பின் மேல் விளிம்பில் மட்டும் திரண்டு நிற்கிறது. விரல் வைத்தாலே காலை உதறுகிறது. சாதாரண அழுகல் என்றால் 3, 4 நாளில் தணிந்திருக்கும். மூட்டுக்குள் சீழ் இறங்கிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

நோயுள்ள குளம்பில் பாரம் விழாதபடி அதே காலின் நல்ல குளம்பில் மரக்கட்டை ஒட்டி, மருந்தை மாற்றிப் பார்க்க இன்னும் நேரம் இருக்கிறதா, இல்லை உடனே அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டுமா?