தம்பி கையில் சீழ்க்கட்டி, ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிறான்

மணலி_அக்கா:
தம்பிக்கு 23 வயது. டேபென்டடால் வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்கிறான் என்று எனக்குப் போன மாதம்தான் தெரியும். இப்போது முழங்கை மடிப்பில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி, சுற்றிலும் சிவந்து சூடாக இருக்கிறது, ராத்திரி குளிர் காய்ச்சல் வேறு. ஆஸ்பத்திரி என்றாலே போலீஸைக் கூப்பிடுவார்கள் என்கிறான். முன்பு ஒரு இடத்தில் கையைப் பார்த்ததுமே திட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மஞ்சள் பற்று போட்டுப் பார்க்கலாமா? இல்லை, முள் குத்தியது என்று சொல்லிக் கூட்டிப்போகலாமா?

நைட்_டூட்டி:
பற்று வேண்டாம், அழுத்திப் பிதுக்கவும் வேண்டாம், இன்றைக்கே கூட்டிப்போங்கள். குளிர் காய்ச்சல் வந்துவிட்டது என்றால் கிருமி ரத்தத்தில் ஏறியிருக்கலாம், இதய வால்வு வரைக்கும் போகும். முள் கதையும் வேண்டாம் அக்கா. ஊசி என்று தெரிந்தால்தான் டாக்டர் இதயத்தைக் கவனமாகக் கேட்பார், ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கக் கல்ச்சருக்கு அனுப்புவார். மாத்திரையில் இருக்கும் டால்க் போன்ற மாவுப்பொருள் கரையவே கரையாது, அது நுரையீரலின் சின்ன ரத்தக் குழாய்களில் போய் அடைக்கும்.

அப்புறம் ஒன்று, இதைத்தான் யாரும் சொல்வதில்லை. அட்மிட் ஆன மறுநாளே பாதிப் பேர் வார்டை விட்டு ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரை நின்றதும் உடம்பு முறுக்கும், வயிறு கலக்கும், மூக்கும் கண்ணும் ஒழுகும், தூக்கம் இருக்காது. நாங்களோ 'திமிர்' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். கடைசியாக எப்போது, எவ்வளவு போட்டான் என்று முதலிலேயே சொல்லி, அதற்கும் மருந்து கேளுங்கள். மனநலப் பிரிவு டாக்டரை வரச்சொல்லுங்கள்.

ரயிலடி_ராஜா:
கட்டி வைத்து நாலு அடி போட்டு ஒரு மாசம் ரூமில் பூட்டுங்கள், சரியாகிவிடும்.

பழைய_ஆள்:
ராஜா அண்ணா, என்னையும் அப்படித்தான் பூட்டினார்கள். வெளியே வந்த அன்றைக்குப் பழைய அளவையே போட்டேன், உடம்புக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது, மூச்சே நின்றுபோய்ப் பிழைத்தேன்.

அக்கா, போலீஸ் பயத்துக்கு: போதைப் பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு, பயன்படுத்தியதற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கு இருந்தாலும், தானாக வந்து சிகிச்சை எடுப்பவரைத் தண்டிக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். கட்டி ஆறியதும் நம்பிக்கை மையத்தில் எச்ஐவி சோதனை செய்யச் சொல்லுங்கள், கூடவே ஹெப்படைட்டிஸ் பி, சி. எனக்கு ஊசி தனிதான், யாரோடும் பகிர்ந்ததில்லை என்று பெருமை வேறு. ஆனால் கரைக்கும் தண்ணீரும் வடிகட்டும் பஞ்சும் எல்லாருக்கும் ஒன்று. ஹெப்படைட்டிஸ் சி அதில்தான் வந்தது. 12 வாரம் மாத்திரை, அரசுத் திட்டத்தில் இலவசம், முழுசாகப் போய்விட்டது. இப்போது ஓஎஸ்டி மையத்தில், அதாவது போதை ஊசிக்குப் பதிலாக மாற்று மருந்து தரும் இடத்தில், நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்பின் எடுக்கிறேன், வேலைக்கும் போகிறேன். எங்கே போவது என்று தெரியாவிட்டால் போதை மீட்பு உதவி எண் 14446-க்குக் கூப்பிடுங்கள், காசு இல்லை.

மணலி_அக்கா:
கூட்டிவந்துவிட்டேன். உள்ளதைச் சொன்னேன், ஒரு நர்ஸ் முகம் சுளித்தார், டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. கீறிச் சீழ் எடுத்து ட்ரிப்ஸ் ஏற்றியிருக்கிறார்கள். விடிந்ததும் போய்விடுவேன் என்கிறான். மனநல டாக்டர் காலையில்தான் வருவாராம். அவன் செருப்பை என் பையில் வைத்துக்கொண்டு வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.