‘நெதினிம்’ என்பதற்கு ‘ஈவுக்குடியினர்’: ஒரு பரிந்துரை

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

வேதாகமத்தின் எஸ்றா, நெகேமியா நூல்களில் எருசலேம் ஆலயத்தின் பணியாட்களைக் குறித்து வரும் ‘நெதினிம்’ என்ற எபிரேயச் சொல்லைப் பழைய தமிழ் வேதாகமம் ‘நிதனீமியர்’ என ஒலிபெயர்த்து விட்டுவிட்டதால், அது ஏதோ ஓர் ஊராரின் பெயர் என்றே படிப்போர் எண்ணிவிடுகின்றனர். ‘கொடு’ என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து பிறந்த அச்சொல்லுக்குக் ‘கொடுக்கப்பட்டோர்’ என்பதே நேர்ப்பொருள்.

இச்சொல்லின் தமிழாக்கமாக முந்தைய மடலில் நண்பர் முன்வைத்த ‘கோயிலடிமை’ என்பதற்குப் பழைய முன்மாதிரி உண்டு. பண்டைய யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் கிரேக்கத்தில் அப்பொருள்படும் சொல்லையே ஆண்டிருக்கிறார். ஆயினும் எனக்கு அதில் உடன்பாடில்லை. பாபிலோனிலிருந்து திரும்பியோரின் பட்டியலில் ஆலயப் பணிக்குரிய கோத்திரத்தாரான லேவியர் 74 பேர் மட்டுமே இருக்க, நெதினிமும் சாலொமோனின் வேலையாட்களின் வழிவந்தோருமாக 392 பேர் இருந்தனர். பின்னர் எஸ்றா ஆலயப் பணியாளரைத் தேடிக் கசிப்பியா என்னும் இடத்துக்கு ஆளனுப்பியபோதும் லேவியரைவிடப் பன்மடங்காக நெதினிம் 220 பேர் வந்து சேர்ந்தனர். பாரசீக மன்னன் அர்தசஷ்டாவின் ஆணை ஆசாரியர், லேவியரோடு இவர்களுக்கும் வரிவிலக்கு அளித்தது. எருசலேமின் ஓபேல் என்னும் பகுதியில் குடியிருந்த இவர்களுக்குச் சீகா, கிஸ்பா என்னும் தலைவர்களும் இருந்தனர். இவ்வளவையும் ‘அடிமை’ என்ற ஒரு சொல் விழுங்கிவிடும்.

அதற்காக ‘ஆலயத் தொண்டர்’ என்று மெருகேற்றுவதும் தகாது. தொண்டு விரும்பிச் செய்வது. இவர்களோ பிறப்பால் கட்டுண்டவர்கள். இஸ்ரவேலரோடு மணவுறவு கொள்ள இவர்களுக்கு இருந்த தடையை யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா பதிவுசெய்கிறது. யோசுவா விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் விட்ட கிபியோன் ஊராரே இவர்கள் என்பது மிஷ்னாவுக்கு விரிவுரையான தல்மூத்தின் மரபு. நம் கல்வெட்டுகளின் ‘தேவரடியார்’ நெருங்கி வருவதுபோல் தோன்றினாலும், அச்சொல்லுக்கெனத் தனி வரலாறு இருப்பதால் படிப்பவர் மனம் வேறெங்கோ சென்றுவிடும்.

கொடுத்தலைக் குறிக்கும் சொல் வேண்டுமென்றால் ‘கொடையாளர்’ கொடுத்தவரையே சுட்டும். ‘தத்தர்’ தத்துப் பிள்ளையை நினைவூட்டும். ‘ஈவு’ என்பதோ கொடுக்கப்பட்ட பொருளைக் குறிப்பது. பட்டியலில் இவர்கள் தனியாட்களாக அன்றி ‘இன்னாரின் புத்திரர்’ என்று குடும்பம் குடும்பமாகவே எண்ணப்படுகின்றனர். வழிவழியாக வந்த அந்தப் பிணைப்பைத் தாங்க வல்ல சொல் ‘குடி’. ஆகவே ‘ஈவுக்குடியினர்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். முதல்முறை வருமிடத்தில் ‘ஆலய ஈவுக்குடியினர்’ என விரித்து எழுதலாம்.

எண்ணாகமத்தில் லேவியரும் ஆரோனுக்குக் ‘கொடுக்கப்பட்டவர்கள்’ என்றே சொல்லப்படுகின்றனர். அவ்விடத்தில் ‘ஈயப்பட்டோர்’ என எழுதினால் இரண்டும் குழம்பா. பள்ளிக் கணக்கில் வகுத்தலின் விடைக்கும் ‘ஈவு’ என்பதே பெயர் என்று சிலர் தயங்கக்கூடும். ‘குடி’ யோடு சேர்ந்து வரும்போது அந்த மயக்கம் எழாது என்று கருதுகிறேன்.